பூட்டு நில்லாத வளவு

உருத்திரபுரத்தில் தில்லைநாதனின் மகள் யதுர்ஷிகா பக்கத்தில் வந்தால் பூட்டுகள் திறந்துகொள்ளும். ஆமைப்பூட்டு, அலுமாரிப் பூட்டு, சைக்கிள் பூட்டு என்ற வித்தியாசம் கிடையாது. அவள் தொடவும் வேண்டியதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. குடையைப் பிடித்தபடி தன்பாட்டில் நடந்து போவாள். வேலியோரம் நிற்கும் சைக்கிளின் பூட்டு டக்கென்று வாயைத் திறக்கும். கோயில் நிர்வாகம் இதற்காக ஒரு கூட்டம் கூட்டி, உண்டியல் இருக்கும் பக்கம் வராமல் தெற்கு வாசலால் வந்து கும்பிட்டுவிட்டுப் போகும்படி அவளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. சங்கக்கடை மனேச்சர் கடைப்பூட்டின் திறப்பைத் துலைத்துவிட்டு நின்ற ஒரு காலையில் ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். வந்து நின்றாள், திறந்தது, ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். பக்கத்து வளவு விமலேஸ்வரி, புதினம் பிடுங்கும் ஆசையில் அவளைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டது மட்டும் பிழைத்துப்போனது. தேத்தண்ணி ஆறுவதற்குள் குசினி அலுமாரி தானாகத் திறக்க, கலியாண வீடுகளுக்கென்று இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத தட்டங்களும் கிண்ணங்களும் வரிசையாக இருந்தன. அன்று பின்னேரமே ஒழுங்கையில் பாதிப் பேர் தங்கள் சாமானை அடையாளம் காட்டிக்கொண்டு போனார்கள். கைத்தொலைபேசியின் பூட்டும் திறக்கிறது என்று பெடியன் தர்சன் சொல்லித் திரிகிறான். அதை நாங்கள் நம்பவில்லை. ஆனாலும் அவள் குடை தூரத்தில் தெரிந்தால் இளந்தாரிகள் தொலைபேசியை நிற்பாட்டிவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள்.

இதன் தொடக்கம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். அதிகம் பேர் காட்டுவது தாய் கமலாசனியை. தொண்ணூற்றாறாம் ஆண்டு கிளிநொச்சிச் சனம் முழுவதும் ஓடியபோது அவள் வயிற்றுப்பிள்ளைக்காரி. உள்ளே இரண்டு கிடக்கின்றன என்று அவளுக்கே தெரியாது. மாட்டுவண்டில் ஒழுங்கை முடக்கைத் தாண்டிய பிறகு, முன்கதவைப் பூட்டவில்லை என்று இறங்கித் திரும்பி நடந்தாள். வீட்டின் பின்சுவரை முதல்நாள்தான் ஒரு ஷெல் கொண்டுபோயிருந்தது. “பின்னால யானை போற அளவுக்கு வெளிச்சுக் கிடக்கு, முன்னால பூட்டி ஆரை மறிக்கப் போறாய்?” என்று தில்லைநாதன் வண்டிலில் இருந்து கத்தினார். “கதவெண்டு ஒண்டு இருந்தால் பூட்டத்தானே வேணும்” என்றாள் அவள். இதில் அவளைப் பழிக்க முடியாது. அன்று ஓடிய எல்லோரும் பூட்டிவிட்டுத்தான் ஓடினோம். கூரை இல்லாதவனும் பூட்டினான். அந்த வருசம் வன்னிச் சனத்தின் இடுப்புகளில் தொங்கிய திறப்புகளை ஒன்றாக உருக்கியிருந்தால் இரணைமடுக் குளத்துக்கு தண்ணி மறிக்க இன்னொரு துருசுக் கதவு செய்திருக்கலாம். கமலாசனி தன் திறப்பை நூலில் கோத்து இடுப்பின் வலப்பக்கம் கட்டியிருந்தாள். நெடுங்கேணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில் பிள்ளைகள் பிறந்தன. தனுஷா முதலில், யதுர்ஷிகா பின்னால். ஒரே அச்சில் வார்த்த முகம். ஒருத்தி செய்த குழப்படிக்கு மற்றவள் அடி வாங்குவாள்; கோயிலில் ஒருத்தியே இரண்டு தரம் கையேந்தி மோதகம் வாங்குவாள். பின்னால் அந்தக் குடும்பம் திரும்பி வந்தது, மறுபடி ஓடியது, கடற்கரை மணல்வரை ஓடி முடித்து, முகாமில் இருந்து, மறுபடி வந்தது. கடைசியாக வந்தபோது வீடு நின்ற இடத்தில் எருக்கலை நின்றது. கதவு இல்லை, நிலை இல்லை, பூட்டும் இல்லை. திறப்பு மட்டும் இருந்தது. வீட்டுத்திட்டத்தில் புது வீடு எழும்பியதும் அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் கொழுவினாள்.

பிள்ளைகளுக்கு இருபது நடக்கும்போது முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து டிலக்ஸன் என்று ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வரத் தொடங்கினான். கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரன், வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி யாக்கோப்பின் மகன். கோர்ன் அடித்தால் ஒழுங்கை முழுவதும் சட்டியோடு வரும். தனுஷா மட்டும் சட்டி இல்லாமல் வந்தாள். மீன் சமைக்காத மரக்கறிக்கார வீட்டுப்பிள்ளைக்கு மீன்காரனிடம் என்ன வேலை என்று நாங்கள் அப்போதே கேட்டோம், ஆனால் எங்களுக்குள்தான் கேட்டோம். ஒரு நாள் அவள் அந்த மீன்பெட்டியின் மேலேயே ஏறி இருந்து போய்விட்டாள். தில்லைநாதன் வாய்க்காலில் இறங்கி, அவளைத் தலை முழுகினார். வயலுக்குத் தண்ணி முறை மாற நின்ற கமக்காரர்கள் அவர் முழுகி முடியும்வரை மண்வெட்டியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரே சந்தைக்குப் போய், அங்கிருந்ததிலேயே பெரிய ஆமைப்பூட்டை வாங்கிவந்து வாசல் படலையில் போட்டார். “எனக்கு ஒரு பிள்ளைதான். இந்தப் படலை இனி அவளுக்குத் திறவாது” என்று ஒழுங்கைக்குக் கேட்கச் சொன்னார். அதற்குத்தானே ஒழுங்கை இருக்கிறது; கேட்டோம்.

அடுத்த நெல் அரிவுவெட்டுக் காலத்தில் யதுர்ஷிகா வயலில் நின்றாள். மூன்றாம் நாள் மூக்குத் தண்டைக் குறுக்கே தாண்டி இரண்டு கன்னத்திலும் சிவப்பாக ஒன்று விரிந்தது, செட்டை விரித்த வண்ணத்துப்பூச்சி குந்தினதைப் போல. வெயில் பட்டது என்றோம், கண்ணூறு என்றோம், கடற்கரைப் பக்கம் யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை நடந்தது. காய்ச்சல் வந்தது, விரல் மூட்டுகள் வீங்கின, தலைமயிர் சீப்போடு வந்தது. அவள் பாயில் விழுந்த அன்று மாலை, படலையில் இருந்த பெரிய பூட்டு திறந்து கீழே விழுந்து கிடந்தது. மீன்காரன் கள்ளத்திறப்பு வெட்டிவிட்டான் என்று தில்லைநாதன் குதித்தார். அதைவிடப் பெரிய பூட்டு வாங்கினார்; விழுந்தது. பித்தளைப் பூட்டு வாங்கினார், விழுந்தது. இலக்கம் சுழற்றுகிற பூட்டு ஒன்றை ஆள் விட்டுக் கொழும்பில் இருந்து எடுப்பித்தார். அது விழவில்லை, திறந்தபடி தொங்கியது. விழுந்த பூட்டுகளை எல்லாம் எறிய மனம் வராமல் உரச்சாக்கில் போட்டு மாட்டுக்கொட்டிலில் வைத்தார். கடைசியில் பூட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டு, மாடு கட்டும் தும்புக்கயிறு எடுத்து, தான் மட்டும் அறிந்த ஒரு முடிச்சுப் போட்டுப் படலையைக் கட்டினார். முடிச்சு நின்றது. யதுர்ஷிகாவின் காற்று பூட்டுகளோடு சரி, கயிற்றில் ஒன்றும் செய்யாது. வீட்டாரும் வேலியால் புகுந்து வெளியே போய்வரப் பழகினார்கள்.

கிளினிக்கில் அவளைப் பார்த்தது பிரியந்தினி என்ற பெண் டொக்டர், இளவயது. யதுர்ஷிகா கதிரையில் இருந்ததும் டொக்டரின் மேசை லாச்சி திறந்துகொண்டது. டொக்டர் கையால் தள்ளி மூடிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். மறுபடி திறந்தது, பிறகு அவர் மூடவில்லை. வருத்தத்தின் பெயர் லூப்பஸ் என்றார். உடம்பின் காவற்காரனுக்கு வீட்டாள் ஆர், கள்ளன் ஆர் என்று தெரியாமல் போய், வீட்டாளையே பிடித்து அடிக்கிற வருத்தம். “ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் ஒரு பெரிய புத்தகம் கிடக்கு அம்மா, தாய் தேப்பன் குடுத்த பரம்பரையலகு. எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில வாசிக்கக் கூடாது. வாசிக்கக் கூடாத பக்கங்களுக்கு மேல சின்னச் சின்னப் பூட்டுப் போட்டுக் கிடக்கும். புத்தகத்தில பிழையில்லை. பிள்ளைக்குப் பூட்டுகள் சிலது கழண்டு போச்சு.” பொம்பிளைகளுக்கு அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இரண்டு பிரதியாகக் கிடக்கும், ஒன்றை அநேகமாகப் பூட்டிவைத்துத்தான் உடம்பு சீவிக்கிறது, இந்த வருத்தம் பொம்பிளைகளை அதிகம் பிடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். ஏன் கழண்டது என்று கமலாசனி கேட்டாள். வெயில் ஒரு காரணம், மனக்கவலை இருக்கலாம், தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போது நடந்ததும் இருக்கலாம், இதுதான் என்று ஒன்றைக் காட்டேலாது என்றார் டொக்டர். கமலாசனியின் காதில் வயிறு மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பிறகு டொக்டர் கேட்டார்: “ஒரே முகமாப் பிறந்த சகோதரம் ஏதும் இருக்கோ?”

“இல்லை” என்றார் தில்லைநாதன். “இருக்கு” என்றாள் யதுர்ஷிகா. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

டொக்டர் இருவரையும் பார்த்தார். “இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ ஐயா. அவவுக்கும் அதே புத்தகம்தான். ஒருத்திக்கு வந்து மற்றவவுக்கு வராமலும் இருக்கும், பிறகு வந்தாலும் வரும். ரத்தம் ஒருக்காப் பாத்தால் நல்லம்.” தில்லைநாதன் சுவரில் இருந்த டெங்கு நுளம்பு விளம்பரத்தை முழுவதும் வாசித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்த கமலாசனி ஆணியில் கிடந்த திறப்பைக் கழற்றிக்கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்தாள். அடுத்த தண்ணி முறைக்கு வரம்பை வெட்டியபோது திறப்பு தண்ணியோடு அவர்களுடைய வயலுக்கே வந்து சேர்ந்தது. கழுவித் துடைத்து மறுபடி ஆணியில் கொழுவினாள். வேறென்ன செய்கிறது?

யதுர்ஷிகா வீட்டுக்குள் இருக்கப் பழகினாள். யன்னலுக்குத் தடித்த சீலை போட்டார்கள். காலையில் ஒரு குளிசை, முன்பு மலேரியாவுக்குக் கொடுத்த அதே சாதிக் குளிசையாம். பின்னேரம் வெயில் இறங்கினால் குடையோடு ஒரு நடை, அப்போது ஒழுங்கைப் பூட்டுகள் திறக்கும். வெயிலை அவள் எப்படிப் பார்ப்பாள் என்பதை நாங்கள் வேலிக்குள்ளால் கண்டிருக்கிறோம். சீலையின் ஓட்டையால் நிலத்தில் விழும் ஒரு சதக்குற்றியளவு வெளிச்சத்துக்குக் கிட்டக் காலைக் கொண்டுபோவாள். தொடுவதற்கு முன் எடுத்துவிடுவாள். ஆனால் அவள் ஏங்கியது வெயிலுக்கு மட்டுமில்லை. வட்ஸ்அப்பில் தனுஷாவோடு தகப்பனுக்குத் தெரியாமல் கதைப்பாள். தெரியாமல் என்றால், தகப்பன் அந்த நேரம் பார்த்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். திரையில் தனுஷா கருவாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில், கொளுத்துகிற வெயிலில், கறுத்துப்போய், கன்னத்தில் ஒரு மாசு மறுவில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்த முகத்தை யதுர்ஷிகா கண் வெட்டாமல் பார்ப்பாள். தனக்கு வந்திருக்க வேண்டிய முகம் அது. தன் பக்கத்துக் கமெராவை மட்டும் பெருவிரலால் பொத்திக்கொள்வாள்.

“எடியே, விரலை எடு! இருட்டோடயே எத்தினை வருசம் கதைக்கிறது?” என்று அங்கிருந்து கத்துவாள் தனுஷா.

“நீ வா, எடுக்கிறன்.”

“அப்பா கயிறை அவிழ்க்கட்டும், வாறன்.”

கயிறு அவிழவில்லை. கோவிட் வந்து போனது, எண்ணெய்க்கு வரிசை வந்து போனது, இரணைமடுக் குளம் இரண்டு தரம் நிரம்பி வான் பாய்ந்தது. பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை; வந்திருந்தாலும் படலையைக் கண்டு திரும்பியிருப்பார்கள். போன வருசம் அவளுக்குக் கால் வீங்கியது, முகம் ஊதியது. சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரி வாட்டில் மறித்தார்கள். அந்த வாட்டில் மருந்து அலுமாரி பூட்டி நிற்காமல், மிஸிமார் மருந்துகளைக் காட்போட் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள் என்று பார்க்கப் போனவர்கள் சொன்னார்கள். டொக்டர் பிரியந்தினி கட்டிலடியில் நின்று, “சகோதரம் வந்தவவோ?” என்று கேட்டார். யதுர்ஷிகா இல்லை என்று தலையாட்டினாள், தகப்பனைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் விட்டதுதான் அந்த மனிசனைப் போட்டு வாட்டியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தில்லைநாதன் செய்த காரியத்தை உருத்திரபுரம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. டொக்டர் கேட்டது ரத்தத்தைத்தானே, ஆளை எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் யோசித்தார். படலை கட்டினபடி நிற்கும், சொன்ன சொல்லும் நிற்கும், ரத்தம் மட்டும் வந்து சேரும். ஐஸ்பழக்காரனிடம் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கேட்டு வாங்கி, ஐஸ் நிரப்பி, துவாயால் சுற்றி, முல்லைத்தீவு பஸ் ஏறினார். அந்த மணலுக்கு ஒரு தரம் போய்த் தப்பி வந்தவர்கள் இரண்டாம் தரம் போவது குறைவு. பஸ் முள்ளிவாய்க்காலைத் தாண்டும்போது அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகக் கொண்டக்டர் பெடியன் சொன்னான்.

யாக்கோப்பு வீட்டில் படலை இல்லை. வேலியும் இல்லை, மணல் தொடங்கும் இடத்தில் வீடு தொடங்கும். எந்த இடத்தில் நின்றால் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறதாகக் கணக்கு என்று தெரியாமல் தில்லைநாதன் தடுமாறினார். டிலக்ஸனின் தாய், யாக்கோப்பின் மனிசி புனிதம், கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தாள். தலை நிமிர்த்திப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“வாங்கோ சம்மந்தி. மீனுக்கோ? பெட்டி சின்னனாக் கிடக்கே.”

“மீனுக்கில்லை.”

“பின்ன?”

“ரத்தம் கொஞ்சம் வேணும். பிள்ளையின்ர.”

புனிதம் ஊசியை வலையில் குத்தி வைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம் (இந்தக் கதையைக் கேட்கும்போது), அவள் சிரிக்கவில்லையாம். “இந்த மணலில ரத்தத்துக்கு ஒரு காலமும் குறைவில்லை ஐயா. ஆனா பெட்டிக்க போட்டு விக்கிறேல்லை” என்றுவிட்டு, “தனு! உன்ர அப்பர் வந்து நிக்கிறார்” என்று கருவாட்டுப் பந்தல் பக்கம் குரல் கொடுத்தாள்.

தனுஷா வெயிலுக்குள்ளால் வந்தாள். உச்சி வெயில், மணல் வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்தது. தில்லைநாதன் அவளைப் பார்த்தார். வாட்டில் ஊதிக் கிடந்த முகம் வற்றி, சிவப்பெல்லாம் கழுவுப்பட்டு, சுகமாகி நடந்து வருவதைப் போல் இருந்ததாம். இவ்வளவு வருசம் கதைக்காத மகளிடம் என்ன சொல்கிறது? திட்டுவதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மனிசன் வாயைத் திறந்தார்.

“வெயிலுக்கு நிக்காதை” என்றார்.

தனுஷா நின்ற இடத்திலேயே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். “உதுக்க நான் கொள்ளமாட்டன் அப்பா. ரத்தம் வேணுமெண்டால் ஆளோடதான் வரும்.”

அவர்கள் திரும்பி வந்ததை ஒழுங்கை முழுவதும் கண்டது. அன்று காலைதான் யதுர்ஷிகாவை வாட்டில் இருந்து வீட்டுக்கு விட்டிருந்தார்கள். டிலக்ஸன் ஓட்ட, நடுவில் தனுஷா, அவள் எந்தப் பெட்டியில் ஏறிப் போனாளோ அந்தப் பெட்டியின் மேலே தில்லைநாதன், மடியில் உருகின ஐஸோடு தன் சின்னப் பெட்டி. பரந்தன் சந்தியில் பொலிஸ் மறிக்கவில்லையா என்று நாங்கள் கேட்டோம். மறித்தது, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. படலையடியில் இறங்கியதும் அடுத்த சங்கடம். ஏழெட்டு மாரி குடித்த தும்புக்கயிறு, ஊதி இறுகிக் கல்லாகியிருந்தது. போட்டவருக்கே முடிச்சின் தலை எது, வால் எது என்று விளங்கவில்லை. விமலேஸ்வரி ஓடிப்போய்க் கத்தி கொண்டுவந்தாள். “வேண்டாம். கட்டினவன் அவிழ்க்கிறதுதான் முறை” என்றார். நகத்தால் இழுத்தார், பல்லால் கடித்தார். டிலக்ஸன் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டு, “மாமா, இது வலை முடிச்சு மாதிரித்தான், உள்ளுக்குத் தள்ளுங்கோ, இழுக்காதேங்கோ” என்றான். தில்லைநாதன் அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு உள்ளுக்குத் தள்ளினார். வேலியால் புகுந்து போகலாம் என்பது அந்த நேரம் அவர்களுக்கு நினைவு வரவில்லை; நினைவு வந்த எங்களுக்கும் சொல்ல மனம் வரவில்லை.

படலைக்கு அந்தப் பக்கம் யதுர்ஷிகா குடையோடு வந்து நின்றாள். சரிந்த வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. கயிறு விழுந்ததும் தனுஷா உள்ளே வந்தாள். வட்ஸ்அப்பில் விரலால் பொத்தின மாதிரியே யதுர்ஷிகா கையால் முகத்தைப் பொத்தியிருந்தாள். தனுஷா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள், ஒவ்வொரு விரலாக. ஒரே முகம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. ஒன்றில் வண்ணத்துப்பூச்சி இருந்தது, மற்றதில் இல்லை. “நான் நினைச்சன், என்னவோ பெரிய கோலமாக்கும் எண்டு. இவ்வளவுதானே” என்றாள் தனுஷா. குசினி வாசலில் நின்ற கமலாசனி, உலையில் அரிசி போட்டதை மறந்து, மறுபடியும் அரிசி போட்டாள்.

டொக்டர் தனுஷாவின் ரத்தத்தைப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் இடைக்கிடை வந்து காட்ட வேண்டும் என்றார். புத்தகம் ஒன்றுதான், பூட்டுகள்தான் வேறு வேறு. ஏன் அப்படி என்று தனக்கு வடிவாகத் தெரியவில்லை என்பதையும் சொன்னார். கமலாசனி திறப்பைக் காட்டி, இதை இடுப்பில் கட்டினதால்தானே என்று கேட்டாள். “திறப்பால வருத்தம் வாறேல்லை அம்மா” என்றார் டொக்டர். “அப்ப, ஓடினதால?” டொக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். லாச்சி திறந்தபடி இருந்தது.

வருத்தம் மாறவில்லை, இது மாறுகிற வருத்தம் இல்லையாம், அடங்குகிற வருத்தம். சிறுநீரகம் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. பூட்டுகள் முன்போலத்தான் திறக்கின்றன. மாட்டுக்கொட்டிலில் கிடந்த சாக்குப் பூட்டுகளை டிலக்ஸன் கேட்டு வாங்கிப்போய், ஈயத்துக்குப் பதிலாக வலையில் கட்டியிருக்கிறான். தில்லைநாதன் வாங்கின அத்தனை பூட்டும் இப்போது கடலுக்கு அடியில் ஒருவரையும் மறிக்காமல் கிடக்கின்றன, நல்ல பாரமாம். படலைக்கு மாடு வராமல் ஒரு தடி மட்டும் குறுக்கே போட்டிருக்கிறார்கள்.

கிளினிக் நாளுக்கு முதல்நாள் தனுஷா வருவாள். வந்ததும் முற்றத்தின் நடுவில் போய், கையை விரித்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். “வெயிலுக்கு நிக்காதை” என்று தில்லைநாதன் கதிரையில் இருந்து சொல்லுவார். “கொஞ்ச நேரம்தான் அப்பா” என்பாள். கை நன்றாகச் சூடானதும் ஓடி உள்ளே போவாள். சீலை போட்ட அறையில் யதுர்ஷிகா காத்திருப்பாள். அந்தச் சூடு ஆறுவதற்கு முன் தன் கன்னத்தை, வண்ணத்துப்பூச்சி இருக்கும் பக்கத்தை, அக்காவின் கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வெயில் இப்படித்தான் அந்த வீட்டுக்குள் போகிறது. அந்த நேரம் ஒழுங்கை முழுவதும், எங்கள் அலுமாரிகள், சைக்கிள்கள், சங்கக்கடைக் கதவு என்று ஒவ்வொரு பூட்டாகத் திறக்கும். முன்பெல்லாம் ஓடிப்போய்ப் பூட்டுவோம். இப்போது விட்டுவிடுகிறோம்; அவள் கன்னத்தை எடுத்த பிறகு பூட்டிக்கொள்ளலாம்.